எல்லையின் இருபுறமும் மதுக் கொள்கை

நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு நெடுஞ்சாலை வழியே நடந்தே சென்றுவிடலாம். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல், பேச்சாலும் மண உறவாலும் ஒன்றிய ஊர்கள் இரு வேறு மதுக் கொள்கைகளின் கீழ் வாழ்கின்றன. அக்கொள்கைகள் இரண்டும் ஒரு நிலையில் நின்றதுமில்லை. ஆதலால் அரசியல் கட்சிகளின் கொள்கை மாற்றங்களை ஆராய விரும்பும் மாணவருக்கு இவ்வெல்லை தகுந்த களமாகும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது பதநீர்; இப்பகுதி மக்கள் அதனை அக்கானி என்பர். தடவாது விட்டால் அது புளித்துக் கள்ளாகிறது. மரம் ஒன்றே, ஏறுபவரின் உழைப்பும் ஒன்றே. கேரளத்தில் கள் இறக்குதல் உரிமம் பெற்ற தொழில். கள் தொழிலாளர்க்கென 1969ஆம் ஆண்டிலேயே சேமநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 1987 முதல் அது குற்றம். ஆயினும் அதே தமிழ்நாட்டில் ஆலையில் தயாராகும் ‘அயல்நாட்டு வகை’ மதுவின் விற்பனை நிற்கவில்லை. உடல்நலமே நோக்கமாயின், கள்ளை விலக்கிப் பிராந்தியை அனுமதிப்பதற்கு என்ன காரணம் கூற இயலும்? இவ்வினாவுக்கு மேடைகளில் விடை கிடைப்பது அரிது.

அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவு, மதுவையும் கேடு தரும் போதைப் பொருள்களையும் மருத்துவத் தேவைக்கன்றி விலக்க அரசு முயல வேண்டுமென்கிறது. ஆனால் அதே சாசனம் மதுவின் மீதான ஆயத்தீர்வையை மாநிலங்களின் வருவாயாக வைத்துள்ளது. நெறி ஒருபுறமும் நிதி மறுபுறமும் இழுக்கும் நிலை ஏட்டிலேயே அமைந்துவிட்டது எனலாம்.

இராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது இதனை நன்குணர்ந்திருந்தார். இழந்த வருவாய்க்கு ஈடாக 1939இல் விற்பனை வரி கொணரப்பட்டது. கொள்கையுடன் அதன் செலவையும் சேர்த்தே மக்கள் முன் வைத்த அந்நேர்மை பின்னர் அருகிவிட்டது. 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்த மதுவிலக்கை 1971இல் தி.மு.க. அரசு தளர்த்தியது. மதுவிலக்கைப் புதிதாக ஏற்கும் மாநிலங்களுக்கே மத்திய உதவி, முன்பே நடைமுறைப்படுத்தியவற்றுக்கு இல்லை என்ற ஏற்பாட்டை அவ்வரசு குறைகூறியது. அக்குறையில் நியாயம் இருந்தது. அதே அரசு 1974இல் மதுவிலக்கை மீட்டது. 1981இல் அ.தி.மு.க. அரசு கடைகளைத் திறந்து, 1983இல் டாஸ்மாக் நிறுவனத்தை அமைத்து, 1987இல் கள்ளையும் சாராயத்தையும் தடுத்தது. 1990இல் மலிவு விலை மது வந்தது; 1991இல் நீங்கியது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றது. 2016 தேர்தலிலோ இரு பெரும் கட்சிகளும் மதுவிலக்கை வாக்குறுதியாக்கின.

அத்தேர்தலுக்குப் பின் 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன. ஆனால் 2016-17இல் ஏறத்தாழ 27,000 கோடி ரூபாயாக இருந்த அரசின் மது வருவாய், 2023-24இல் 45,000 கோடியைக் கடந்தது. கடையின் எண்ணிக்கை குறைந்தமையால் குடி குறைந்தது என்று இதைக்கொண்டு முடிவு செய்ய முடியாது. வரி உயர்வும் விலை உயர்வும் இதில் அடங்கியுள்ளன. விலை ஏறினும் தேவை அதற்கேற்பச் சுருங்காத பண்டம் இது. அவ்வுயர்வைக் குடும்பத்தின் அரிசிச் செலவிலிருந்தே பலர் ஈடுசெய்கின்றனர்.

கேரளத்தின் வரலாறும் இத்தகையதே. மலபாரில் நிலவிய மதுவிலக்கு 1967இல் நீங்கியது. 1996 ஏப்ரல் 1 முதல் ஏ.கே. ஆன்டனி அரசு சாராயத்தைத் தடை செய்தது. அடுத்து வந்த தேர்தலில் அம்முன்னணி தோற்றது. எனினும் வென்ற இடதுசாரி முன்னணி தடையை நீக்கவில்லை. 2014இல் உம்மன் சாண்டி அரசு ஐந்து நட்சத்திர விடுதிகளுக்கு மட்டுமே மதுக்கூடம் என அறிவித்து, பத்தாண்டுகளில் முழு மதுவிலக்கை எட்டத் திட்டமிட்டது. 2017 ஜூலையில் பினராயி விஜயன் அரசு மூன்று நட்சத்திர விடுதிகளுக்கும் மீண்டும் வழி திறந்தது. தடை வேண்டாம், மக்கள் தாமே மதுவைக் கைவிடும் ‘மத்ய வர்ஜனமே’ வழி என்பது அதன் விளக்கம். கேட்பதற்கு இனிய விளக்கம்தான். மாநில மதுபானக் கழகத்தின் ஆண்டு விற்பனை 2023-24இல் 19,000 கோடி ரூபாயை ஒட்டி நின்றது.

2017இல் நடைமுறைக்கு வந்த சரக்கு-சேவை வரி இந்நெருக்கடியை இறுக்கியது. மாநிலங்கள் தாமே விகிதம் விதிக்கக்கூடிய பண்டங்களுள் மதுவும் பெட்ரோலியப் பொருள்களும் முதன்மையாக எஞ்சின. எதிர்க்கட்சியாக இருக்கையில் மதுவிலக்கு பேசுவோர், நிதித்துறைக் கோப்பு கைக்கு வந்ததும் தயங்குவதன் மர்மம் பெரும்பாலும் இங்கேதான் உள்ளது.

கஞ்சாவைப் பொறுத்தவரை 1985ஆம் ஆண்டின் மத்திய சட்டம் எல்லையின் இருபுறமும் ஒன்றே. அங்கும் முரண் இல்லாமலில்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து 27க்கு 25 என்ற வாக்கில் நீக்கியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. உள்நாட்டுச் சட்டத்தில் அதற்கேற்ற மாற்றம் ஏதும் தொடரவில்லை.

ஒருபுறம் தடையும் மறுபுறம் விற்பனையும் நிலவிய காலங்களில் எல்லை ஊர்களுக்கு வாய்த்த பங்கு எளிதில் விளங்கும். 1974 முதல் 1981 வரை வறண்டது தமிழ்நாட்டுப் பக்கம். 1991 முதல் 1996 வரை சாராயம் கேரளப் பக்கத்தில் மட்டும் சட்டபூர்வமானது. இத்தகைய இடைவெளி கள்ளச்சரக்குக்கு ஊக்கமளிக்கும். அதன் இறுதிக் கொடுமையைக் கொல்லம் மாவட்டத்துக் கல்லுவாதுக்கல் 2000இலும், கள்ளக்குறிச்சி 2024இலும் கண்டன. பின்னதில் மாண்டோர் 60க்கும் மேற்பட்டோர்.

1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டம் எல்லையை வகுத்ததோடு, எல்லைப் பிரச்சினைகளை விவாதிக்கத் தென் மண்டலக் குழுவையும் அமைத்தது. மதுவின் விலை, வரி, கள்ளின் உரிமம் ஆகியவற்றில் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டங்களுக்கேனும் இரு அரசுகளும் முன்கூட்டியே கலந்து முடிவெடுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இரு ஆயத்தீர்வைத் துறைகளின் அலுவலர்கள் ஆண்டுக்கொரு முறை, கொள்கை அறிவிப்புக்கு முன்பாக, ஒரே மேசையில் அமர வேண்டும்.