எச்.ஐ.வி. கிருமி உடற்காவலைக் குலைக்கும் விதம்

 

நம் சிலாங்கூரில் நிக்காஹ்வுக்கு மனுச் செய்யும் முஸ்லிம் மணமக்கள் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை செய்து சான்று தரவேண்டும் என்பதை யாவரும் அறிவோம். ஜொகூரில் இவ்வழக்கம் 2001-லேயே தொடங்கிற்று. ஆயினும் அப்பரிசோதனை தேடும் கிருமி எத்தகையது, தேகத்தில் அது என்ன செய்கிறது என்பதை நம்மில் அநேகர் அறியோம். அதனைச் சிறிது ஆராய்வோம்.

அல்லாஹ் நம் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் என்னும் காவற்படையை அமைத்திருக்கிறான். அவற்றுள் சி.டி.4 என்னும் வகை தோட்டத்துக் கங்காணியைப் போன்றது. காலைப் பெரட்டில் கங்காணி ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புவதுபோல, நோய்க்கிருமி நுழைந்ததும் இவ்வணுக்கள் மற்ற அணுக்களை ஏவுகின்றன. கங்காணி இல்லாவிடில் ஆள் இருந்தும் வேலை நடவாது.

எச்.ஐ.வி. தாக்குவது இக்கங்காணியையே. அது அணுவினுள் புகுந்து, தன் மரபுக் குறிப்பை அணுவின் குறிப்பைப்போல் மாற்றி எழுதி, அணுவின் கருவிலேயே சேர்த்துவிடுகிறது. பின்னர் அவ்வணு தன் கடமையை விட்டுக் கிருமியையே பெருக்குகிறது, ஈற்றில் மடிகிறது. சுகதேகியின் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை சி.டி.4 அணுக்கள் இருக்கும். மருந்தின்றி விட்டால் அவை ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறையும். 200-க்குக் கீழே போனால் அது எய்ட்ஸ் நிலை. அப்பொழுது காசநோய், நிமோனியா முதலியவை தடையின்றிப் புகும். உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் இவையே. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆள் திடகாத்திரமாகவே தோன்றுவார். முகத்தைப் பார்த்து அறிய இயலாது.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பெண்கள் சிலரின் ரத்தத்தைச் சேகரித்து, வேலூருக்குக் கொண்டுசென்று சோதித்தனர். இந்தியாவில் இக்கிருமி இருப்பது அவ்வாறே வெளியாயிற்று. மலேசியாவிலும் முதல் நோயாளி அவ்வாண்டிலேயே கண்டறியப்பட்டார். அக்காலத்தில் தக்க மருந்தில்லை. இன்று உண்டு. கிருமியை அறவே ஒழிக்காது. ஆனால் நாள் தவறாது உண்டால் அதன் பெருக்கத்தை அடக்கும், சி.டி.4 அணுக்கள் மீண்டும் உயரும். ரத்தத்தில் கிருமி தென்படாத அளவு குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், தாம்பத்தியத்தின் வழி துணைவருக்கும் தொற்றாது.

இக்கிருமி உடலுறவாலும், பிறர் குத்திய ஊசியாலும், தொற்றுள்ள ரத்தத்தாலும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். யாதொரு தவறும் செய்யாத மனைவிக்கும் மகவுக்கும் இவ்வாறு வந்துவிடுகிறது. முஸாபஹா செய்வதாலோ, ஒரே சகனில் அமர்ந்து உண்பதாலோ, ஒரே ஸஃப்பில் நின்று தொழுவதாலோ பரவாது. மய்யித்தைக் குளிப்பாட்டுவோரும் கையுறை முதலிய காப்புடன் தம் கடமையைச் செய்யலாம். அஞ்சி ஒதுங்குவது நியாயமன்று.

கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நம்மவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிக்காஹ் பரிசோதனை அன்றைய நிலையை மட்டுமே காட்டும். பின்னர் ஐயம் நேர்ந்தால் வெட்கத்தை விட்டு அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லவேண்டும். ஊரார் பேச்சுக்கு அஞ்சி ஒருவர் கடத்தும் ஒவ்வோர் ஆண்டிலும் கங்காணிகள் குறைந்துகொண்டே போகின்றனர். அப்பேச்சை அடக்குவது நம் ஜமாஅத்தின் பொறுப்பு. நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. நோயாளியை நலம் விசாரிப்பதும் அவ்வழியே.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.