தட்டைப் பாதத்தோடு ஓட வந்த பிள்ளைக்கு

கண்ணு, உனக்குத் தட்டைப் பாதம் என்று யாரோ சொன்னார்களாம். நீயும் அன்றைக்கே டேப் சுருள் வாங்கிவிட்டாயாம். ஒட்டுவதற்கு முன்னால் இந்தக் கிழவன் சொல்வதையும் கொஞ்சம் கேள்.

1. முதலில் உன் பாதத்தோடு பழகு. ஈரக்காலைச் சிமென்டுத் தரையில் வைத்தால் முழுப் பாதமும் பதிகிறதா? அதற்காகக் கலங்காதே. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று பார். உள்பக்கம் வளைவு எழும்பினால் உன் பாதம் நன்றாக நெகிழ்கிறது என்று அர்த்தம். வளைவு எழவே இல்லை, அல்லது ஒற்றைக்காலில் அப்படி எழும்ப முடியவில்லை என்றால் எலும்பு டாக்டரைப் பார். தட்டைப் பாதத்தோடு வருஷக்கணக்கில் சுகமாக ஓடுகிறவர்கள் நம் மைதானத்திலேயே இருக்கிறார்கள். வலிக்காத காலுக்கு வைத்தியம் தேடாதே.

2. டேப்பிடம் அது தரக்கூடியதை மட்டும் கேள். பிசியோக்கள் லோ-டை என்று ஒரு கட்டுப் போடுவார்கள். நீளாத வெள்ளை ஜிங்க் ஆக்சைடு டேப்பைச் சுண்டுவிரல் மூட்டருகே தொடங்கி, குதிகாலைச் சுற்றி, பெருவிரல் மூட்டுவரை இழுத்து, அடிப்பாதத்தில் குறுக்கே பட்டைகள் ஒட்டுவார்கள். தாழ்ந்த வளைவு சில மில்லிமீட்டர் உயரும், கால் உள்பக்கம் சாய்வது குறையும். குதிகால் வலிக்காரர்களுக்குச் சில நாள் நிம்மதி கிடைக்கும். ஆனால் ஓட ஆரம்பித்துக் கால் மணி, அரை மணி ஆவதற்குள் பிடிப்பு தளர ஆரம்பித்துவிடும். 10 கிலோமீட்டர் பந்தயம் என்றால் பிற்பாதியை நீதான் ஓடியாக வேண்டும்.

3. கலர் பார்த்து மயங்காதே. டிவியில் வீரர்கள் நீலமும் ரோஸுமாக ஒட்டிக்கொண்டு வருவது கினீசியோ டேப். ஜப்பானியரான கென்சோ கசே 1970களில் உருவாக்கியது. அது நீளும். வளைவைத் தாங்கிப் பிடிக்க நீளாத டேப்தான் சரி.

4. வலியை ஊமையாக்காதே. போலீஸ் தேர்வுக்குத் தயாராக ஒரு பையன் வந்தான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பு வலித்தது. டேப் போட்டான், வலி அடங்கியது. அடங்கிய தைரியத்தில் தூரத்தை ஒரேயடியாகக் கூட்டினான். ஒருநாள் உட்காரவைத்து அந்த எலும்பின் ஓரமாகவே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வந்தேன். பல இடங்களில் சும்மா இருந்தவன், ஒரு ரூபாய்க் காசு அகலமுள்ள ஓரிடத்தில் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். நீளவாக்கில் பரவிய வலி சில வார ஓய்வில் தணியலாம். இப்படிப் புள்ளியாகக் குத்துவது எலும்பில் விரிசலாக இருக்கலாம். ஸ்கேனும் அதையே சொன்னது. அவன் சோம்பேறி இல்லை, பாவம். அவசரக்காரன்.

5. தோலை மதி. எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவித் துடைத்தபின் ஒட்டு. விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே எடுத்துவிடு. எடுக்கும்போது வெடுக்கென்று பிய்க்காதே. தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மெதுவாக உரி.

6. யாரும் கைதட்டாத வேலையைச் செய். வாழைக்கு முட்டுக்கொடுக்கிறவன் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துவதில்லையே. டேப் முட்டு, பயிற்சிதான் தண்ணீர். விரல்களை மடக்காமல் பெருவிரல் அடியைக் குதிகால் பக்கமாக இழுத்துப் பிடித்து விடு. படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கு. மாதக்கணக்கில் செய்ய வேண்டும், சலிக்கும். சலிப்பைத் தாங்குகிறவர்கள்தான் ஐந்தாம் வருஷமும் மைதானத்தில் இருக்கிறார்கள். வேகக்காரர்களில் பாதிப்பேர் முகம்கூட எனக்கு மறந்துவிட்டது.

7. யாரிடமும் மறைக்காதே. ராணுவத்துக்கு ஆளெடுக்கும்போது மருத்துவச் சோதனையில் பாதத்தையும் பார்ப்பார்கள். அங்கே வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். போவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டி உள்ளதைத் தெரிந்துகொள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு வா. பழைய ஷூவையும் கொண்டுவா. அடிப்பக்கம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். டேப் வீட்டிலேயே இருக்கட்டும்.