செவிவழி விண்வெளிப் பயணம்

முன்னுரை

வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் கருதியது சான்றோர் சொல்லைக் கேட்டல். இக்கட்டுரை கருதுவது கதை கேட்டல். கதை கேட்பது குழந்தைகளுக்கு உரியது, வளர்ந்தவர்களுக்கு உரியது கதை பார்ப்பது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். ஆனால், திருவிழாப் பந்தலில் ‘திருவிளையாடல்’ கதைவசனம் ஒலிபெருக்கியில் முழங்க, திரையே இல்லாமல் ஊரார் அதைக் கேட்டு மகிழ்ந்த காலத்தை நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். படத்தை ஒரு முறை பார்த்தவர்கள் வசனத்தைப் பல முறை கேட்டார்கள். கேட்கும்போதெல்லாம் தம் மனத்தில் ஒரு திரையை விரித்துக்கொண்டார்கள்.

அப்படிக் கேட்பதையே ஒரு கலையாக வளர்த்து, அதைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாமல் வாதிட்டு வரும் ஒரு சுவைஞர் கூட்டம் இங்கிலாந்தில் இருக்கின்றது. ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைகதைத் தொடரின் ஒலி நாடகங்களைக் கேட்பவர்களே அவர்கள். என் விடுதி நண்பர் ஒரு வங்காளி. ‘சண்டே சஸ்பென்ஸ்’ என்னும் வங்க வானொலிக் கதைகளில் பெலுடாவின் துப்பறியும் திறத்தைக் கேட்டு வளர்ந்தவர். அவர்தாம் ஓர் இரவு தம் காதொலிப்பானைக் கழற்றி எனக்குத் தந்து, “விளக்கை அணைத்துவிட்டுக் கேள்” என்றார். அன்று தொடங்கிய ஆர்வமே இக்கட்டுரைக்குக் காரணம்.

தொடரின் தோற்றம்

‘டாக்டர் ஹூ’ 1963 நவம்பர் 23 அன்று பி. பி. சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. அதன் முதற் கதையை இயக்கிய வாரிஸ் உசேன் நம் நாட்டு இலக்னோவில் பிறந்தவர். கதைத்தலைவன் பெயர் சொல்லாத ஒரு வேற்றுலகவன். ‘டாக்டர்’ என்றே அழைக்கப்படுபவன். நீல நிறக் காவலர் பெட்டி போன்ற தோற்றமுடைய ‘டார்டிஸ்’ என்னும் ஊர்தியில் காலத்தையும் வெளியையும் கடந்து திரிபவன். சாகும் நிலை வந்தால் அவன் உடலும் முகமும் மாறிப் புதியவனாவான். ஆகவே நடிகர் மாறினாலும் தொடர் நிற்பதில்லை.

இருந்தும் 1989 டிசம்பரில் தொடர் நின்றது. 1996-இல் பால் மெக்கான் நடித்த ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. அதற்குத் தொடர்ச்சி வரவில்லை. 2005 மார்ச்சில்தான் தொடர் மீண்டும் உயிர்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் அந்த விளக்கை அணையாமல் காத்தவர்களுள் ஒலி நாடகக்காரர்களுக்குச் சிறப்பான இடம் உண்டு.

அழிந்த படமும் அழியாத குரலும்

இத்தொடரின் வரலாற்றில் ஒரு பெரிய இழப்பு உண்டு. முதல் இரு டாக்டர்களும் நடித்த 253 பகுதிகளுள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை நிறுவனமே அழித்துவிட்டது. ஒளிநாடா விலை மிகுந்தது. அதன் மேல் வேறொன்றைப் பதியலாம். நடிகர்களோடு செய்த ஒப்பந்தம் மறு ஒளிபரப்புக்கு எல்லை வகுத்தது. வண்ணத் தொலைக்காட்சி வந்த பின் கறுப்பு வெள்ளைப் படத்தை யார் பார்ப்பார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. பின்னாளில் வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய படிகள் சில மீண்டன. 2013-இல் நைஜீரியாவிலிருந்து, இல்லையென்று கைவிடப்பட்ட 9 பகுதிகள் கிடைத்தன.

ஆனால் வியப்பு யாதெனில், படம் அழிந்த ஒவ்வொரு பகுதிக்கும் ஒலி மட்டும் இன்றும் முழுமையாக உள்ளது. அதனைக் காத்தது நிறுவனம் அன்று. ஒளிபரப்பு நடந்த வேளையில் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகில் வைத்துப் பதிவு செய்த இளைஞர் சிலரே காத்தனர். அழியப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மீண்டும் ஒரு முறை கேட்க வேண்டும் என்ற ஆசை ஒன்றே அவர்களைத் தூண்டியது. ஓர் ஆசை ஆவணக் காப்பகத்தின் வேலையைச் செய்தது எனலாம்.

சுவைஞரே படைப்பாளர்

கேட்டவர்கள் படைக்கவும் தொடங்கினர். 1980-களில் சுவைஞர் சிலர் சேர்ந்து ‘ஆடியோ விஷுவல்ஸ்’ என்ற பெயரில் தாமே கதை எழுதி, தாமே நடித்து, ஒலிநாடாவில் பதிந்து வழங்கினர். அதில் டாக்டராக நடித்தவர் நிக்கோலஸ் பிரிக்ஸ். பின்னர் ‘பிக் பினிஷ்’ நிறுவனம் முறைப்படி உரிமை பெற்று, 1999 ஜூலையில் ‘சைரன்ஸ் ஆப் டைம்’ என்ற முதல் நாடகத்தை வெளியிட்டது. அதனை எழுதியவரும் அதே பிரிக்ஸ்தாம். தொலைக்காட்சியில் டாக்டராக நடித்த பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் மூவரும் அதில் பேசினர். 2005-இல் தொடர் திரும்பியபோது ‘டாலெக்’ என்னும் கொடிய பகைவர்களுக்குக் குரல் கொடுக்க அழைக்கப்பட்டவரும் பிரிக்ஸே. சுவைஞர் படைப்பாளராகும் வழி அங்கே அடைபட்டிருக்கவில்லை.

செவிக்கு எழுதும் நுட்பம்

ஒலி நாடகம் எழுதுவது எளிதன்று. “ஐயோ! உன் வலக்கையிலுள்ள துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேரே நீட்டுகிறாயே!” என்று ஒருவன் பேசினால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். மேசை இழுப்பறை திறக்கும் ஓசை, ஒரு கணம் அமைதி, பின் தாழ்ந்த குரலில், “அதை உள்ளே வை.” இவ்வளவு போதும். சுவைஞர்கள் ஒரு நாடகத்தை எடைபோடும் முதல் அளவுகோல் இதுவே. பார்ப்பதையெல்லாம் பாத்திரமே சொல்லுகிறதா, அல்லது ஓசை சொல்லுகிறதா என்பதைக் கூர்ந்து நோக்குகின்றனர். மற்றொரு விதியும் உண்டு: பேசாதவன் அந்த இடத்தில் இல்லை. ஐவர் உள்ள அறையில் ஒருவன் நெடுநேரம் வாய் திறவாவிட்டால், கேட்பவர்கள் அவனை மறந்துவிடுவார்கள்.

அறிவியல் மாணவன் என்ற முறையில் என்னை ஈர்த்தவை மூன்று. முதலாவது, திசை அறிதல். நம் இரு காதுகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 20 செ.மீ. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். வலப்பக்கத்து ஓசை இடக்காதை அடைய ஆகும் தாமதம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அச்சிறு வேறுபாட்டையும் இரு காதுகளிலும் ஒலி அளவு வேறுபடுவதையும் கொண்டே மூளை திசையை அறிகின்றது. ஒலிப்பொறியாளர் இவற்றைச் செயற்கையாக அமைத்து, நம் படுக்கையைச் சுற்றிப் பகைவர்களை நடக்க வைக்கின்றார்.

இரண்டாவது, டாலெக்கின் குரல். மனிதக் குரலை ஏறத்தாழ 30 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள மின்னலையோடு பெருக்குகின்றனர். பெருக்கினால் கூட்டலும் கழித்தலும் பிறக்கும் என்பது நாம் கற்ற முக்கோணவியல். குரலில் 300 ஹெர்ட்ஸ் இருந்தால் அது மறைந்து 270-உம் 330-உம் எழும். இயல்பான குரலின் ஒத்திசைவு குலைந்துபோகிறது. அதனால்தான் அக்குரல் நம்மை நடுக்குகின்றது.

மூன்றாவது, டார்டிஸ் கிளம்பும் ஓசை. அதனை உருவாக்கிய பிரையன் ஹாட்சன் ஒரு வீட்டுச் சாவியைப் பழைய பியானோவின் தடித்த கம்பிகள் மேல் உரசினார். காலத்தைக் கடக்கும் ஊர்திக்கு ஒரு வாயிற்சாவி போதுமாயிற்று!

ஒரு நாள் நான் நண்பரிடம், “காற்றில்லா விண்வெளியில் ஒலி பரவாதே, பிறகு எப்படி அங்கே கலம் வெடிக்கும் ஓசை கேட்கிறது?” என்று மடக்கினேன். அவர் சிரித்து, “நாடகத்துக்குப் பின்னணி இசை எந்த ஊடகத்தில் பரவுகிறது?” என்று கேட்டார். விடை சொல்ல இயலவில்லை.

வழக்கு ஒன்று: இது மெய்க்கதையா?

சுவைஞர்களின் தலையாய வழக்கு இதுதான். தொலைக்காட்சியில் வந்தது மட்டுமே டாக்டரின் மெய்யான வாழ்வு. ஒலி நாடகங்கள் வெறும் துணைக்கதைகள் என்பது ஒரு கட்சி. கேட்டவர்கள் நெஞ்சில் நிகழ்ந்தது எல்லாம் நிகழ்ந்ததே என்பது மறு கட்சி. இது பற்றி பி. பி. சி. விதி எதுவும் வகுக்கவில்லை.

இதற்கு 2001 ஜனவரியில் வந்த ‘ஸ்டார்ம் வார்னிங்’ நாடகம் நல்ல சான்று. 1930 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து அன்றைய இந்தியாவின் கராச்சிக்குப் புறப்பட்ட ஆர்-101 என்னும் வான்கப்பல் பிரான்சில் விழுந்து எரிந்தது. அதிலிருந்த 54 பேருள் 48 பேர் மாண்டனர். இது வரலாறு. நாடகத்தில் அக்கப்பலில் களவாக ஏறிய சார்லி என்னும் பெண்ணை டாக்டர் காப்பாற்றுகிறார். இறந்திருக்க வேண்டியவள் வாழ்வதால் காலத்தின் ஒழுங்கு சிதைகின்றது. ஒரே ஒரு தொலைக்காட்சிப் படத்தோடு நின்ற பால் மெக்கானின் டாக்டர், இவளோடும் பிறரோடும் ஆண்டுக்கணக்கில் செவிவழியே வாழ்ந்தார். 2013 நவம்பரில் பி. பி. சி. ஒரு சிறு படத்தில் அவரை மீண்டும் காட்டியது. சாகும் முன் அவர் தம் தோழர்களின் பெயர்களைச் சொல்கிறார்: சார்லி, க்ரிஸ், லூசி, டாம்சின், மோலி. அத்தனையும் ஒலி நாடகப் பெயர்கள்! கண்ணால் ஒருவரும் கண்டிராதவர்களைத் திரை தன் உறவினராக ஏற்றுக்கொண்டது.

வேறு சான்றும் உண்டு. ராபர்ட் ஷியர்மன் எழுதிய ‘ஜூபிலி’ என்ற ஒலி நாடகம் 2003-இல் வந்தது. தனியே சிறைப்பட்ட ஒரு டாலெக்கின் மேல் நமக்கு இரக்கம் பிறக்கச் செய்தது அது. அக்கருவைக் கொண்டே அவர் 2005-இல் தொலைக்காட்சிக்கு ‘டாலெக்’ என்ற பகுதியை எழுதினார். ஆகவே இரண்டாம் கட்சியின் பக்கமே நானும் நிற்கின்றேன்.

வழக்கு இரண்டு: தோற்றமா, குரலா?

காலின் பேக்கர் 1986-இல் டாக்டர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். பல நிற ஒட்டுகள் கொண்ட கண்கூசும் மேலங்கியையும் முரட்டுப் பேச்சையும் பலர் வெறுத்தனர். ஒலி நாடகத்தில் மேலங்கி தெரியாது அன்றோ! அங்கே ஈவ்லின் என்னும் ஐம்பத்தைந்து வயது வரலாற்றுப் பேராசிரியை அவருக்குத் தோழியானார். அவருடைய அறிவும் கண்டிப்பும் டாக்டரைப் பண்படுத்தின. காலின் பேக்கரின் உண்மைத் திறம் வெளிப்பட்டது ஒலியில்தான் என்பதில் கட்சி வேறுபாடின்றிச் சுவைஞர் பலர் உடன்படுகின்றனர். தோற்றத்தால் தோற்ற ஒருவரைக் குரல் வெல்ல வைத்தது.

வழக்கு மூன்று: மாண்டவர் குரலில் மற்றொருவர் பேசலாமா?

முகத்தைவிடக் குரல் மெல்ல மூப்படைகின்றது. 1981-இல் விலகிய டாம் பேக்கர் 2012-இல் ‘பிக் பினிஷ்’ ஒலி நாடகங்களிலும் டாக்டரானார். ஆனால் மூன்றாம் டாக்டராக நடித்த ஜான் பெர்ட்வீ 1996-இல் மறைந்தார். அவருடைய பாத்திரத்தை 2015 முதல் டிம் ட்ரெலோர் பேசி வருகின்றார். இது மறைந்தவர்க்குச் செய்யும் சிறப்பா, போலியா? சிலர் கேட்க மறுக்கின்றனர். சிலர் கண்ணீரோடு கேட்கின்றனர். எங்கள் தெருக்கூத்தில் தந்தை கட்டிய வேடத்தை மகன் கட்டுவது உண்டு என்று நண்பரிடம் சொன்னேன். வேடம் ஒருவருக்கே உரியதன்று. ஆயினும் முன்னவரின் பதிவு கையில் இருக்கும்போதுதான் பின்னவர் செய்வது போற்றுதலாகும். பதிவு இல்லையேல் பின்னவர் குரலே முன்னவரை மறைத்துவிடும்.

முடிவுரை

பி. பி. சி. நாடாக்களை அழித்ததைப் படித்தபோது எனக்குச் சினம் எழுந்தது. ஆனால் சினம் கொள்ள எனக்கு உரிமை இல்லை. நான் கான்பூரில் பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் தமிழ் இல்லை. தஞ்சையிலிருந்து என் பாட்டி கைப்பேசியில் பேசி அனுப்பிய கதைகளே எனக்குத் தமிழ்ப் பள்ளி. முதுகலை முதலாண்டில், ஆய்வுக்கூடக் கோப்புகளுக்கு இடம் போதவில்லை என்று அவற்றை அழித்தேன்; பாட்டியிடம் மறுபடி கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறு ஆண்டு அவர் மறைந்தார். விலை மிகுந்த நாடாவைக் காரணம் காட்டிய அந்த அலுவலருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? கதைகள் எனக்கு நினைவில் இருக்கின்றன. அவர் “அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?” என்று நிறுத்தும் அந்த இடைவெளிதான் இல்லை.

நண்பர்களே, நம் மன்றம் ஆண்டுதோறும் பொங்கல் விழாவில் நாடகம் நடத்துகின்றது. சென்ற ஆண்டு நாடகம் எங்கே இருக்கின்றது? நிழற்படங்கள் இருக்கின்றன, குரல்கள் இல்லை. இவ்வாண்டு ஒரு ஒலி நாடகமேனும் நாமே எழுதிப் பதிவு செய்வோம். மேடை வேண்டா, ஒப்பனை வேண்டா. ஓர் அறையும் கதவடைக்க ஒரு போர்வையும் போதும். அதற்கு முன், இன்றிரவே ஊருக்குப் பேசும்போது, வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு கதை சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இரண்டு இடங்களில் சேர்த்து வையுங்கள். இடம் போதவில்லையென்றால் வேறு எதையேனும் அழியுங்கள்.