ஏக்கருக்கு எத்தனை லிட்டர்?

டீசல் விலை ஏறியது என்றவுடன் "லிட்டர் என்ன விலை?" என்று கேட்கிறோம். அதே மூச்சில் "ஒரு ஏக்கர் உழ எத்தனை லிட்டர் ஆகிறது?" என்று கேட்போர் மிகச் சிலரே. டிராக்டர் வைத்திருப்பவரானாலும், வாடகைக்கு அமர்த்துபவரானாலும், எஞ்சின் வைத்து நீர் இறைப்பவரானாலும் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்திருத்தல் வேண்டும்.

விலை ஏற்ற இறக்கம் புதியதன்று. 1973-ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. நம் நாட்டில் டீசல் விலையை அரசே நிர்ணயித்து வந்த முறை 2014 அக்டோபரில் முடிவுக்கு வந்தது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் நாள்தோறும் விலையை மாற்றியமைக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் டீசல் லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டியது. மறு மாதமே மத்திய அரசு கலால் வரியில் 10 ரூபாய் குறைத்தது. நாற்றுவிடும் நாளில் ஒரு விலை, அறுவடை நாளில் வேறொரு விலை என்றால் சாகுபடிச் செலவை ரூபாயில் மட்டும் திட்டமிடுவது கடினம். லிட்டரில் கணக்கு வைத்துக்கொண்டால், அன்றைய விலையால் பெருக்கிக்கொள்வது எளிது.

அளக்கும் முறை

டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி டீசல் தொட்டியைக் கழுத்துவரை நிரப்புங்கள். பரப்புத் தெரிந்த ஒரு வயலை உழுது முடியுங்கள். மீண்டும் அதே இடத்தில், அதே நிலையில் நிறுத்தி, அளவு குறித்த பாத்திரத்தால் கழுத்துவரை ஊற்றுங்கள். ஊற்றிய அளவே செலவான அளவு. அதைப் பரப்பால் வகுத்தால் ஏக்கருக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். கலப்பையின் பெயர், மண்ணின் ஈரநிலை, எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வயல் சிறியதாக இருந்தால் அளவில் பிழை நேரும். ஆகவே குறைந்தது 2 ஏக்கராவது உழுது பார்ப்பது நல்லது.

45 குதிரைத்திறன் டிராக்டரில் 9 கொழுக் கலப்பை பூட்டி நடுத்தர மண்ணில் ஒரு சால் ஓட்ட ஏக்கருக்கு 3 லிட்டர் அளவிலும், ரோட்டவேட்டர் ஓட்ட 5 முதல் 6 லிட்டர் அளவிலும் டீசல் ஆகலாம். மண்ணுக்கு மண் இது மாறும். உங்கள் அளவு இதைவிட மிகக் கூடுதலாக வந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

சக்கரம் வழுக்குகிறதா?

முதலில் பார்க்க வேண்டிய இடம் பின்சக்கரம். சக்கரம் சுற்றுகிறது, ஆனால் அந்தச் சுற்றுக்கேற்ற தூரம் வண்டி நகர்வதில்லை. இதுவே வழுக்கல். டீசலோடு டயரும் தேய்ந்து வீணாகிறது. பலர் இதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுகிறார்கள். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்வது கண்ணுக்குத் தெரியும்போது வழுக்கல் அளவு மீறி வெகு நேரமாகியிருக்கும். அதனால் அளந்துதான் பார்க்க வேண்டும்.

பின்சக்கரத்தின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில், உழவேண்டிய வயலிலேயே, சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்தை அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி, வழக்கமான ஆழத்தில் உழுதுகொண்டே 10 சுற்றுக்கான தூரத்தை அளவுங்கள். முதல் தூரம் 40 மீட்டர், இரண்டாவது 35 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 5 மீட்டர். அதாவது 40-இல் 12.5 சதவீதம். உழவு வேலையில் 8 முதல் 15 சதவீதம் வரை வழுக்கல் இருப்பது இயல்பே. இரண்டாவது தூரம் 30 மீட்டராக இருந்தால் வழுக்கல் 25 சதவீதம். அப்போது நான்கு சுற்றில் ஒரு சுற்றுக்கு நீங்கள் கொடுக்கும் டீசல் மண்ணைக் கிளறவும் பயன்படவில்லை, வண்டியை நகர்த்தவும் பயன்படவில்லை.

வழுக்கல் மிகுந்தால் ஆழத்தைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். டயர் பட்டை தேய்ந்துள்ளதா, காற்றழுத்தம் சரியா என்றும் பாருங்கள். சாலையில் டிரெய்லர் இழுக்க வைத்த அழுத்தத்துடனேயே வயலில் இறங்குவது நம்மிடையே பரவலாக உள்ள வழக்கம். வயலுக்குரிய அழுத்தம் அதைவிடக் குறைவு. வண்டியுடன் கொடுத்த கையேட்டில் இரண்டும் குறித்திருக்கும். இவற்றாலும் சரிப்படாவிட்டால் பின்சக்கரத்தில் எடைக்கட்டி மாட்டலாம், அல்லது டயரில் முக்கால் பங்கு நீர் நிரப்பலாம். ஆனால் வழுக்கலே 5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் மகிழ வேண்டாம். வண்டி தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது என்று பொருள். அந்தக் கனத்தைச் சுமந்து திரிவதற்கும் டீசல்தான் செலவாகிறது, வயலும் இறுகுகிறது. சாலை வேலைக்குப் போகும்போது எடைக்கட்டிகளைக் கழற்றிவிடுங்கள்.

கியரும் ஆக்சிலேட்டரும்

எஞ்சின் இரைந்தால்தான் வேலை நடக்கும் என்ற எண்ணம் சில ஓட்டுநர்களிடம் உண்டு. பாரம் குறைந்த வேலையில் ஒரு கியர் கூட்டி, ஆக்சிலேட்டரைக் குறைத்தால் அதே வேகத்தில் குறைந்த டீசலில் வேலை முடியும். எஞ்சினுக்குச் சுமை மிகாமல் இருக்கிறதா என்பதை அறிய, ஓடும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று சிறிது கூட்டிப் பாருங்கள். எஞ்சின் தயங்காமல் வேகம் பிடித்தால் அந்தக் கியர் பொருந்தும். திணறிக் கரும்புகை கக்கினால் கியரை இறக்க வேண்டும். ரோட்டவேட்டருக்கு இம்முறை அப்படியே ஒத்துவராது. அதன் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றியாக வேண்டும். குறைந்த எஞ்சின் வேகத்திலேயே அந்த 540 சுற்றைத் தரும் சிக்கன நிலை சில டிராக்டர்களில் உள்ளது. லேசான மண்ணில் அதைப் பயன்படுத்தலாம்.

கரும்புகைக்கு மற்றொரு காரணம் அடைபட்ட காற்று வடிகட்டி. கோடை உழவில் புழுதி பறக்கும் நாட்களில் அதை நாள்தோறும் பார்ப்பது அவசியம். எண்ணெய்த் தொட்டி வகை வடிகட்டியானால், எண்ணெய் குறியீட்டளவில் உள்ளதா, சேறாகிவிட்டதா என்று பாருங்கள். வேலையின்றி நிற்கும் டிராக்டரை அணைக்காமல் விட்டால் மணிக்கு சுமார் 1 லிட்டர் போகும். குழாய் இணைப்பில் வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலும், 20 சொட்டு ஒரு மில்லி என்ற கணக்கில், ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் மண்ணுக்குப் போகிறது.

ஒரு சால் குறைத்தால்

மேற்சொன்னவை எல்லாம் உழவைச் சிக்கனமாகச் செய்யும் வழிகள். தேவையற்ற உழவைத் தவிர்ப்பது அதனினும் மேலானது. கலப்பையில் இரண்டு சாலும் ரோட்டவேட்டரில் ஒரு சாலும் ஓட்டினால் ஏக்கருக்கு சுமார் 11 லிட்டர். மண் பதமாக இருக்கும்போது கலப்பை ஒரு சாலோடு நிறுத்தினால் 3 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் ஏக்கருக்கு 300 ரூபாய். டீசல் விலை லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினாலும், மீதி 8 லிட்டருக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 80 ரூபாய்தான்.

பதம் பார்க்கும் முறை நீங்கள் அறிந்ததே. உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டி, இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். உதிர்ந்தால் உழலாம், அப்படியே அப்பிக்கொண்டால் இரண்டொரு நாள் பொறுக்கலாம். காய்ந்து கட்டியான நிலத்தை உடைக்க வாங்கும் டீசல், மழைக்குப்பின் காத்திருக்காததற்குக் கட்டும் அபராதம் போன்றது. முனை மழுங்கிய கொழுவைத் திருப்பி மாட்டுங்கள். வயலின் நீளவாக்கில் ஓட்டினால் திரும்பும் தடவை குறையும். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் ஒரே நாளில் வண்டியை வரவழைத்தால், ஒரு துண்டு நிலத்துக்காக அது வெறுமனே ஓடிவரும் தூரமும் மிச்சமாகும்.

வாடகைக்கு அமர்த்துவோர் கவனத்திற்கு

சிறு, குறு உழவர் பலருக்கும் சொந்த டிராக்டர் இல்லை. டீசல் ஏறிவிட்டது என்று சொல்லி மணி வாடகையைக் கூட்டும்போது அவர்கள் மறுபேச்சின்றிக் கொடுக்க நேர்கிறது. இங்கேதான் லிட்டர் கணக்கு கைகொடுக்கும். மணிக்கு 5 லிட்டர் செலவாகும் வேலையில், டீசல் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கூடுவது 20 ரூபாய். வாடகை 200 ரூபாய் ஏறினால் மீதி 180 ரூபாய்க்கு வேறு காரணம் இருக்க வேண்டும். ஓட்டுநர் கூலி, உதிரிபாகம், கடன் தவணை ஆகியவையும் ஏறியிருக்கலாம். அவை நியாயமான காரணங்களே. ஆயினும் எது எவ்வளவு என்று பேசித் தெரிந்துகொள்வதில் தவறில்லை. விலை இறங்கும்போதும் இதே கணக்கைச் சொல்லலாம். மணிக்கணக்கைவிட ஏக்கர் கணக்கில், ஆழத்தையும் சாலையும் முன்கூட்டியே பேசிக்கொண்டால் இருவருக்கும் மனத்தாங்கல் வராது.

நீர் இறைக்கும் எஞ்சின்

மின் இணைப்புக்குக் காத்திருப்போரும் ஆறு, வாய்க்காலிலிருந்து இறைப்போரும் இன்னும் டீசல் எஞ்சினை நம்பியிருக்கின்றனர். 5 குதிரைத்திறன் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு 1 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். அது எவ்வளவு நீரைத் தருகிறது என்பதைக் குழாய்தான் தீர்மானிக்கிறது. ஒரே அளவு நீர், 65 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதிலாக 75 மில்லிமீட்டர் குழாயில் போனால் உராய்வால் ஏற்படும் இழப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். தேவையற்ற வளைவுகளை நீக்குங்கள். குழாயின் வாயை வாய்க்கால் மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்து, நீர் விழுவதைப் பார்க்க அழகுதான். ஆனால் 6 மீட்டர் ஏற்றினால் போதும் என்ற இடத்தில் 7 மீட்டர் ஏற்றினால், ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு டீசல் அந்த அழகுக்குப் போகிறது.

இறைக்கும் குளிர்ந்த நீரையே நேராக எஞ்சினுக்குள் நிறைய விட்டு அதை ஜில்லென்று ஓட்டுவோரும் உள்ளனர். குளிர்ந்து ஓடும் எஞ்சின் கூடுதல் டீசல் குடிக்கும். உட்பாகமும் விரைவில் தேயும். எஞ்சினிலிருந்து வெளிவரும் நீர் 60 டிகிரி செல்சியசுக்குக் குறையாதபடி உள்ளே செல்லும் நீரைக் கட்டுப்படுத்துங்கள்.

விலை ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டு டீசலைப் பீப்பாய்களில் வாங்கிச் சேர்ப்பதில் ஆதாயம் குறைவு, ஆபத்து அதிகம். பருவ வேலைக்குத் தேவையானதை மட்டும் வீட்டுக்கும் வைக்கோற்போருக்கும் எட்ட, நிழலில் வையுங்கள். துத்தநாகம் பூசிய பாத்திரம் டீசலுக்கு ஆகாது. பீப்பாயைச் சிறிது சாய்த்து வைத்து, ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் தங்கும் நீரும் அழுக்கும் வராமல் மேலிருந்து எடுங்கள். டிராக்டர் தொட்டியை மாலையில் வேலை முடிந்ததும் நிரப்பிவிட்டால், இரவில் தொட்டிக்குள் ஈரம் படிந்து டீசலில் கலப்பது குறையும்.