முயல் பட்டினி கிடக்கலாமா?

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கு. வயிறு சரியில்லையென்றால் ஒருவேளை பட்டினி போடு, தானே சரியாகிவிடும் என்பது அதன் பொருள். ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம் என்று விரதமிருந்து பழகிய நமக்கு இது அனுபவத்தில் கண்ட உண்மை. ஆனால் மனிதனுக்கு மருந்தாவது மற்றோர் உயிருக்கு எமனாகலாம் என்பதை அறுபது வயதுக்கு மேல்தான் நான் கற்றுக்கொண்டேன். பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்த எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது ஒரு முயல்.

என் பேத்தி ஆசையாய் வளர்த்த முயல் அது. ஒரு தீபாவளிக்கு வந்த விருந்தினர்கள் ஆளுக்குக் கொஞ்சமாய் ரொட்டியும், வாழைப்பழமும், முறுக்கும் ஊட்டி மகிழ்ந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் முயல் மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. புல்லைத் தொடவில்லை. “தாத்தா, டாக்டரிடம் போகலாமா?” என்று பேத்தி கேட்டாள். “பலகாரம் அதிகமாகிவிட்டது, ஒருநாள் பட்டினி கிடந்தால் வயிறு சுத்தமாகும்” என்றேன் நான். மறுநாள் விடியுமுன் அது இறந்துவிட்டது. பிறகு விலங்கு மருத்துவர் விளக்கிச் சொன்னபோதுதான் நான் செய்த பிழை புரிந்தது. குழந்தைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

கோயில் மலரில் முயலுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் கேட்கலாம். வீவக வீடுகளில் முயல் வளர்க்க அனுமதி உண்டு. நம் பிள்ளைகள் பலர் வளர்க்கிறார்கள். அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுக்கும் நன்கொடையாளர்கள், உண்பவர் பசியறிந்து இடுவதே தருமம் என்பதை அறிந்தவர்கள். வாயில்லா ஜீவனுக்கும் அந்த முறையே பொருந்தும் அல்லவா?

முயலின் வயிறு

முயல் புல் தின்னும் பிராணி. அதன் குடலில், குறிப்பாகப் பெரிய பை போன்ற குருட்டுக்குடலில், கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லிலுள்ள நார் இடைவிடாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் குடல் அசைந்துகொண்டிருக்கும். உணவு நின்றால் அசைவு மந்தமாகும், வாயு சேரும், வலி எடுக்கும். வலியால் முயல் மேலும் உண்ண மறுக்கும். இப்படி ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு, ஒருநாள் இரண்டு நாளில் உயிரையே கொண்டுபோய்விடும். முயலால் வாந்தியெடுக்கவும் முடியாது. ஆகவே உள்ளே போன தவறான பொருள் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

பல்லுக்கும் புல்லே காவல். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. முன்பற்கள் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். தேயாத பல் கன்னத்தையும் நாக்கையும் குத்தும். முயல் பசியோடு கிண்ணத்தருகே வந்து, வாய் வைக்காமல் திரும்பிப் போனால் பல்லைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. முயல் தன் கழிவைத் தானே தின்பதைக் கண்டு சிலர் அருவருத்து அடிக்கிறார்கள். திராட்சைக் கொத்துப்போல் மென்மையாக, கருத்து வரும் அந்த உருண்டைகளில் சத்து நிறைந்திருக்கிறது. இரண்டாம் முறை உண்டு அதைப் பெறும்படி அதன் உடல் அமைந்துள்ளது. தடுக்கக்கூடாது. அவை தின்னப்படாமல் நிறையக் கிடந்தால், மாவுச்சத்தோ இனிப்போ அதிகமாகிவிட்டது, அல்லது முயலால் குனிய முடியவில்லை என்று பொருள்.

எதை, எவ்வளவு கொடுப்பது?

1. உலர்புல்: திமோத்தி போன்ற உலர்ந்த புல் இரவும் பகலும் தட்டாமல் இருக்க வேண்டும். உணவில் பெரும்பகுதி இதுவே. வைக்கோல் வேறு, உலர்புல் வேறு. மாடு தின்னும் நெல் வைக்கோல் முயலுக்குப் போதிய சத்தாகாது. குதிரைமசால் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு நல்லது. வளர்ந்த முயலுக்கு அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து மிகை.

2. கீரை: கொத்தமல்லி, புதினா போன்றவற்றைக் கழுவி, நாளுக்கு ஒரு கைப்பிடி கொடுக்கலாம். தேக்காவில் வாங்கிய கீரையானாலும் நன்றாக அலசவேண்டும். புதிய கீரையைச் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும்.

3. தீவன உருண்டை: வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் அளவே போதும்.

4. காரட்டும் பழமும்: படங்களில் முயல் எப்போதும் காரட் தின்னும். உண்மையில் அது இனிப்பு. சுண்டுவிரல் நகத்தளவுத் துண்டு, அதுவும் எப்போதாவது.

5. தண்ணீர்: எப்போதும் சுத்தமாக, வேண்டுமளவு.

சோறு, ரொட்டி, பிஸ்கட், முறுக்கு, சர்க்கரைப் பொங்கல், சாக்லேட், வெங்காயம், பூண்டு ஆகியவை கூடவே கூடாது. பிரசாதம் புனிதமானதுதான். ஆனால் அது நமக்கு.

பூசைப் பொருள்களில் கவனம்

நம் இல்லங்களுக்கே உரிய ஆபத்து ஒன்றைச் சொல்லவேண்டும். கோயிலிலிருந்து கொண்டுவரும் மாலைகளில் அரளிப்பூ இருக்கும். அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே நஞ்சு. இதயத்தைத் தாக்கும். சுவாமி படத்திலிருந்து உதிர்ந்த பூவையும் முயல் கொறித்துவிடும். கற்பூரமும் தின்றால் விஷம். சாம்பிராணிப் புகை முயலின் மெல்லிய மூச்சுப்பாதைக்குக் கெடுதல். தூபம் காட்டும்போது முயலை வேறு அறையில் வைத்துச் சன்னலைத் திறந்துவிடுங்கள். பிள்ளையாருக்குச் சாத்திய அருகம்புல்லைக் கொடுக்க விரும்பினால் அரளி, குங்குமம், நூல் எதுவும் கலக்காமல் பிரித்து, கழுவிக் கொடுக்கலாம்.

நோயை எப்படி அறிவது?

காட்டில் பகைக்கு அஞ்சி வாழும் பிராணியாதலால் முயல் தன் நோவை மறைக்கும். நாம்தான் தினமும் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் இரண்டு கேள்விகள் போதும். இரவு புல் தின்றதா? வழக்கம்போல் உருண்டை போட்டிருக்கிறதா? பன்னிரண்டு மணி நேரம் உண்ணவும் இல்லை, கழிக்கவும் இல்லை என்றால் அது அவசர நிலை. அதற்கு முன்பே மருத்துவரை அழைப்பது இன்னும் நல்லது. வயிறு கல்போல் உப்பியிருந்தால் வாயில் எதையும் திணிக்க வேண்டாம். உள்ளே அடைப்பிருந்தால் அதுவே ஆபத்தாகும்.

குறுகி உட்கார்ந்து பல்லைக் கடிப்பது வலியின் அடையாளம். மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிதல், தலை ஒருபக்கம் சாய்தல், மோவாய் ஈரமாயிருத்தல், பாதத்தின் அடியில் உரோமம் உதிர்ந்து புண்ணாதல் இவையும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். சிறுநீர் சிவப்பாயிருந்தால் உடனே நடுங்க வேண்டாம். சில கீரைகளின் நிறமும் அப்படிக் காட்டும். இரண்டொரு நாளில் மாறாவிட்டாலோ, முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தாலோ மருத்துவரிடம் காட்டவேண்டும்.

வீட்டிலுள்ள மருந்தைக் கொடுக்காதீர்கள். நமக்கு எழுதித்தரும் அமாக்ஸிஸிலின் போன்ற மருந்துகளை முயலுக்கு வாய்வழி கொடுத்தால், குடலின் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து முயலே இறக்க நேரிடும். பெண் முயலுக்குக் கருத்தடை அறுவை செய்வது நல்லது. செய்யாத முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்று மிகுதியாக வருகிறது.

சிங்கப்பூர் வெயில்

முயலுக்கு வியர்வை வழியாது. காது வழியாகவே பெரும்பாலும் உடற்சூட்டைத் தணிக்கிறது. 28 பாகைக்கு மேல் அதற்குத் துன்பம். நம் ஊரில் பகலில் 31, 32 பாகை சாதாரணம். மேற்கு வெயில் படும் தாழ்வாரத்தில் கூண்டை வைக்காதீர்கள். மின்விசிறி, ஓடு பதித்த குளிர்ந்த தரை, துணி சுற்றிய உறைநீர் போத்தல் இவை உதவும். வாய் திறந்து மூச்சு வாங்கித் துவண்டு விழுந்தால், குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், காதுகளைச் சாதாரணக் குளிர்நீரால் நனைத்து, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பனிநீரில் முக்கக்கூடாது. மற்ற நாளிலும் முயலைக் குளிப்பாட்ட வேண்டாம். தூக்கும்போது காதைப் பிடிக்காமல், மார்பையும் பின்புறத்தையும் தாங்குங்கள். துள்ளினால் முதுகெலும்பு முறிந்துவிடும்.

2020இல் வந்த எச்சரிக்கை

2020 செப்டம்பரில் முயல்களின் இரத்தக்கசிவு நோய் முதன்முறையாகச் சிங்கப்பூரில் கண்டறியப்பட்டது. 1984இல் சீனாவில் முதலில் அறியப்பட்ட நோய் இது. இதன் இரண்டாம் வகைக் கிருமி 2010இல் பிரான்சில் தோன்றியது. மனிதருக்குத் தொற்றாது. முயலுக்கோ, அறிகுறியே தெரியாமல் திடீர் மரணம் தரும். காலணி, துணி, புல், கூண்டு வழியாகப் பரவும். ஆகவே பூங்காவில் பறித்த புல்லைக் கொடுக்காதீர்கள். வேறு முயலைத் தொட்டுவிட்டு வந்தால் கையைக் கழுவுங்கள். தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நிறைவாக

2011, 2023 முயல் ஆண்டுகள். அப்படிப்பட்ட காலங்களில் அழகுக்காக முயல் வாங்கும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடியது. பிள்ளை தொடக்கப்பள்ளியில் வாங்கியதை உயர்நிலைப்பள்ளி முடித்த பின்னும் பேண வேண்டியிருக்கும். முடியாதென்று பூங்காவில் விட்டுவிடுவது சட்டப்படி குற்றம், தருமப்படி பாவம். வீட்டு முயலுக்குக் காட்டில் பிழைக்கத் தெரியாது.

சந்திரனுக்குச் சசாங்கன் என்று ஒரு பெயர் உண்டு. முயலை அடையாளமாக உடையவன் என்று பொருள். நம் அண்டைவீட்டுச் சீன அன்பர்களும் நிலவில் முயலைக் காண்கிறார்கள். அந்த நிலவைத்தான் எம்பெருமான் சடையில் சூடியிருக்கிறான். அவன் தலையில் தாங்குவதை நாம் கையில் தாங்கும்போது, அறியாமையால் அதற்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வோம்.

என் பேத்தி இப்போது மீண்டும் ஒரு முயல் வளர்க்கிறாள். தினமும் காலையில் விபூதி பூசுமுன் நான் புல் தட்டைப் பார்க்கிறேன். அது காலியாக இருந்தால் அன்று எனக்கு நல்ல நாள்.