எழுத்தின் கீழே ஒரு புள்ளி

அன்புள்ள கயல்,

உன் கடிதத்தைப் பெரியப்பாவும் உடன் உட்கார்ந்து படித்தார். கணினிப் பொறியியல் முடித்த கையோடு, எரிமலையில் கரிந்த கிரேக்கச் சுருள்களைப் படிக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறாய் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதில் ஒரு வரி உறுத்துகிறது. கிரேக்கம் கற்க வேண்டியதில்லை, மென்பொருளே படித்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்காகத்தான்.

சுருள்களின் கதையை முதலிலிருந்து பார்த்தால் உனக்கே விளங்கும். கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரம் ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் புதைந்தது. அங்கே கடலோர மாளிகை ஒன்றில் இருந்த பாப்பிரஸ் நூலகம், வெப்பம் தாக்கியும் எரிந்து சாம்பலாகாமல் கரியாக இறுகிப்போனது. 1750இல் கிணறு தோண்டியவர்கள் அந்த மாளிகையின் பளிங்குத் தரையைக் கண்டார்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கார்ல் வெபர் சுரங்கம் வெட்டி அதை அகழ்ந்தார். 1752இல் சுருள்கள் வெளியே வந்தன. முதலில் கண்டவர்கள் அவற்றை வெறும் கரிக்கட்டைகள் என்றே எண்ணினார்கள்.

ரோமிலிருந்து வந்த அந்தோனியோ பியாஜ்ஜோ என்ற பாதிரியார் ஓர் இயந்திரம் செய்தார். சுருளின் முதுகில் விலங்குச் சவ்வை ஒட்டி, பட்டு நூல் கட்டித் தொங்கவிட்டு, இழைஇழையாக இறக்கினார். ஒரு சுருளைப் பிரிக்க ஆண்டுகள் ஆயின. பிரிந்த முதல் நூல், கதாராவைச் சேர்ந்த பிலோதேமஸ் இசையைப் பற்றி எழுதியது. 1752இல் வெளியே வந்த நூலகத்திலிருந்து அந்த ஒரு நூல் அச்சேற 1793 ஆயிற்று.

பிரிக்கப் பிரிக்க எழுத்துகள் உதிர்ந்தன. அதனால் உடனுக்குடன் ஓவியர்களை வைத்து வரைந்துகொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிரேக்கம் தெரியாது. இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தெரியாததுதான் அவர்களுடைய பலம். மொழி தெரிந்தவன் பாதி அழிந்த கோட்டைப் பார்த்ததும், அங்கே இருக்கவேண்டிய எழுத்தை மனத்தால் முடித்து வரைந்துவிடுவான். தெரியாதவன் கண்ணில் பட்ட கோட்டை மட்டுமே வரைவான். மூலம் சிதைந்துபோன இடங்களில் அறிஞர்கள் இன்றும் அந்தப் படங்களை நம்பி வேலை செய்கிறார்கள்.

இப்போது 2023க்கு வா. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரெண்ட் சீல்ஸ், சுருளைப் பிரிக்காமலே படிக்கும் முயற்சியில் நெடுங்காலம் உழைத்தவர். இஸ்ரேலின் என்கெடி சுருளை அவருடைய குழு அப்படித்தான் படித்தது. அதன் மையில் உலோகம் இருந்ததால் எக்ஸ்ரேயில் எழுத்து ஒளிர்ந்தது. ஹெர்குலேனியத்தில் அது நடக்கவில்லை. கரிந்த தாளின் மேல் கரியால் செய்த மை; இரண்டுக்கும் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றே. இங்கிலாந்தின் டயமண்ட் ஒளிமூலம் என்ற ஆய்வுக்கூடத்தில் சுமார் 8 மைக்ரோமீட்டர் நுணுக்கத்தில் எடுத்த படங்களிலும் எழுத்து கண்ணுக்குப் புலப்படவில்லை. அந்தத் தரவுகளைப் பொதுவில் வைத்து 2023 மார்ச்சில் வெசுவியஸ் சேலஞ்ச் என்ற பரிசுப்போட்டியை அறிவித்தார்கள்.

முதல் தடயத்தைக் கண்டுபிடித்தது எந்த மென்பொருளும் அல்ல. இயற்பியல் படித்த கேசி ஹாண்ட்மர், மணிக்கணக்கில் படங்களையே உற்றுப் பார்த்து, காய்ந்த சேறு வெடித்தது போன்ற ஒரு நெளிவு சில இடங்களில் எழுத்தின் வடிவில் ஓடுவதைக் கவனித்தார். நெப்ராஸ்காவைச் சேர்ந்த 21 வயது மாணவர் லூக் ஃபாரிட்டர் அந்த நெளிவைக் கொண்டு தன் கணினி மாதிரியைப் பயிற்றுவித்தார். 2023 அக்டோபரில் ஊதா நிறத்தைக் குறிக்கும் ஒரு சொல் முழுசாகத் தெரிந்தது. பெர்லினில் முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்த எகிப்தியர் யூசுப் நாடர் அதே பகுதியைத் தனியாகவே இன்னும் தெளிவாக எடுத்திருந்தார். 2024 பிப்ரவரியில் இவர்கள் இருவரும் சுவிஸ் மாணவர் யூலியன் ஷில்லிகரும் சேர்ந்து 7 லட்சம் டாலர் பெரும்பரிசை வென்றார்கள். 15 பத்திகளில் 2,000க்கும் மேற்பட்ட எழுத்துகள். சுருளில் ஏறத்தாழ 5 சதவீதம். அரிதாகக் கிடைக்கும் பொருள் மிகுதியாகக் கிடைப்பதைவிட அதிக இன்பம் தருமா என்று அதன் ஆசிரியர் கேட்கிறார்.

இனி உன் வரிக்கு வருவோம். பரிசு வென்ற அந்த மாதிரிகளுக்குக் கிரேக்கம் தெரியாது. எழுத்தின் வடிவம்கூடத் தெரியாது. ஒரு சின்னத் துண்டைப் பார்த்து, இங்கே மை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்கின்றன. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார்கள். இல்லாத எழுத்தை இயந்திரம் கற்பனை செய்துவிட்டால் இரண்டாயிரம் ஆண்டு காத்திருந்த நூலில் நாமே பொய் எழுதியவர்களாவோம். கிரேக்கம் தெரியாத அந்தப் பழைய ஓவியரின் இடத்தில் இன்று உன் நிரல் உட்கார்ந்திருக்கிறது. அது கண்டதைப் படித்துச் சொன்னவர்கள் நேப்பிள்ஸின் ஃபெதெரிக்கா நிக்கோலார்தி போன்ற பாப்பிரஸ் அறிஞர்கள். பரிசுக்கு வந்த படங்களை அவர்கள் முதலில் தனித்தனியே படியெடுத்து, பிறகுதான் ஒப்பிட்டார்கள்.

படிப்பது என்பது எழுத்துக் கூட்டுவதல்ல, கயல். பிலோதேமஸ் தன் உரைநடையில், உயிரில் முடியும் சொல்லை அடுத்து உயிரில் தொடங்கும் சொல்லைப் பொதுவாக வைக்கமாட்டார். இது தெரிந்தவர், இடைவெளியை நிரப்ப வந்த பத்து யோசனைகளில் ஆறை ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுவார். இந்தக் காது உன் கணினிக்குள் இல்லை. உனக்குள் வரவேண்டும்.

1931இல் லைடனில் கூடிய அறிஞர்கள் வகுத்த குறிமுறையை முதல் வேலையாகக் கற்றுக்கொள். ஐயத்துக்குரிய எழுத்தின் கீழே ஒரு புள்ளி. அழிந்துபோய் நாம் ஊகித்து நிரப்பியது சதுர அடைப்புக்குள். பார்த்தது எது, நினைத்தது எது என்று எவரும் பிரித்தறிய இவ்வளவு போதும். மொழியைக் கற்ற இயந்திரங்களும் வந்துவிட்டன. 2022இல் வெளியான இதாக்கா, உடைந்த கிரேக்கக் கல்வெட்டுகளின் விடுபட்ட எழுத்துகளை ஊகிக்கிறது. சோதனையில் வரலாற்றாசிரியர்கள் தனியே 25 சதவீதமும், இதாக்கா தனியே 62 சதவீதமும், இருவரும் சேர்ந்து 72 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள். மதிப்புக்குரிய கருவி, பயன்படுத்து. ஆனால் அது தருவது அடைப்புக்குள் போகவேண்டிய ஊகம். மையைக் காட்டும் மாதிரியோடு அதைக் குழப்பி ஒரே படமாகத் தந்துவிடாதே. இந்தத் துறையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

முந்திக்கொண்டு படித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே வெடிப்பில் புதைந்த பாம்பேய் ஒரு சான்று. அங்கே தங்க வளையல் வீட்டில் கிடைத்த, இறந்தவர் ஒருவரின் உருவச்சை, குழந்தையை அணைத்திருக்கும் தாய் என்றே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். வளையலும் குழந்தையும் சேர்ந்தால் தாய்தானே! 2024 நவம்பரில் வெளியான மரபணு ஆய்வு, அது ஓர் ஆண், குழந்தைக்கு உறவே இல்லாதவர் என்று காட்டியது. அந்தக் கடைசிப் பொழுதில் யாரோ ஒருவர் யாருடைய பிள்ளைக்கோ அருகில் இருந்திருக்கிறார்.

நம் கரையோடு தொடர்புள்ள ஒன்றும் உண்டு. வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ் 1985இல் அச்சில் வந்தது. சேரநாட்டு முசிறிக்கான கடன் ஒப்பந்தம் ஒருபக்கம். ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்புக் கணக்கு மறுபக்கம். ஒப்பந்தம் முசிறியிலேயே எழுதப்பட்டதா, அலெக்சாந்திரியாவிலா என்று அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டார்கள். ஆவணத்தின் தொடக்கம் கிடைக்காததே காரணம். முசிறியில் எழுதியது என்று கேட்க நமக்கு இனிக்கும். அந்த இனிப்புக்காக அடைப்புக்குறியை எடுத்துவிடாதே.

செய்ய வேண்டியவை இவை. இரண்டு ஆண்டு கிரேக்கம், இலக்கணத்தோடு. கூடவே இத்தாலிய மொழி. மார்செல்லோ ஜிகாந்தே 1969இல் நேப்பிள்ஸில் நிறுவிய ஆய்வு மையமும் அதன் ஆண்டிதழும் இந்தத் துறையின் உயிர்நாடி, அங்கே பாதிக்கு மேல் இத்தாலியத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். பிரித்த சுருள்கள் நேப்பிள்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ஒருமுறையாவது நேரில் போய்க் கருப்பின் மேல் கருப்பைப் பார். 2025 மே மாதம், ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கும் சுருளின் தலைப்பு தெரியவந்தது. பிலோதேமஸ் தீய குணங்களைப் பற்றி எழுதிய நூல் அது. இரண்டு தரப்பினர் தனித்தனியே அதே இடத்தை எட்டியதால் நம்பிக்கை கூடியது. நீயும் அப்படி ஒரு துணையைத் தேடிக்கொள்: உன் படத்தைப் பார்க்காமல் தன் படத்தை எடுக்கக்கூடியவர்.

ஸ்கேன் தரவு இணையத்தில் இலவசம். கல்லூரி தொடங்குமுன் ஒரு பத்தியை இறக்கி, உன் மாதிரியை ஓட்டி, தெரிகிற எழுத்துகளைக் கையால் ஒரு தாளில் எழுது. ஐயம் வரும் எழுத்துக்குக் கீழே புள்ளி வை. பிறகு அறிஞர்களின் படியோடு ஒப்பிட்டு, எங்கெல்லாம் புள்ளி வைக்க மறந்தாய் என்று எழுதி அனுப்பு. அம்மாவுக்கும் தம்பிக்கும் அன்பு.

உன்
பெரியம்மா