உறங்காத வட்டி

கல்விக்கடன் பெறும் மாணவர் பலர், படிப்பு முடியும்வரை கடன் உறங்கும் என எண்ணுகின்றனர். தவணைதான் உறங்கும், வட்டி உறங்காது. ஆண்டின் தொடக்கந்தோறும் ஓர் இலட்சம் ரூபாயாக நான்காண்டுகள் பெற்றால், 10 விழுக்காட்டுத் தனிவட்டியில் படிப்பு முடிகையில் வட்டி மட்டுமே 1,00,000 ரூபாய் ஆகும். வேலை தேடும் அடுத்த ஓராண்டில் மேலும் 40,000 ரூபாய் சேரும்.

வட்டி மானியம் பெறாதோர், படிக்கும்போதே வட்டியை மட்டும் செலுத்திவரலாம். முதலாண்டில் அது மாதம் ஏறத்தாழ 833 ரூபாய். எல்லார்க்கும் இயல்வதன்று, எனினும் விடுதிச் செலவை நாள்தோறும் எழுதிவருவோர்க்கு அதில் ஒரு பகுதியேனும் தென்படும்.

பின்னர்த் தவணை தவறினால் மாணவரோடு, உடன் கையொப்பமிட்ட தந்தையின் கடன் மதிப்பெண்ணும் குறையும். தங்கையின் படிப்புக்காக அவர் மீண்டும் வங்கிக்குச் செல்லும்போது, 300 முதல் 900 வரை அமையும் அந்த எண்ணையும் மேலாளர் பார்ப்பார்.